தண்ணித் தொட்டி மேல நாப்பது நிமிஷம்

தெருவுல ஒரு பேச்சு ஓடுது. தையல் மெஷின் ரிப்பேர் பண்றாரே, அந்த மெஷின்காரரை அவரு பொண்டாட்டி விரட்டு விரட்டுன்னு விரட்டி, மாடித் தண்ணித் தொட்டி மேல ஏத்திவிட்டு, ஏணியைப் பிடுங்கிக்கிட்டு போயிட்டாங்களாம். மத்தியானம் ஏறின மனுஷன் விளக்கு போடற நேரம் வரைக்கும் அங்கேயே குந்திக்கிட்டு இருந்தாராம். "வாயைத் தொறந்தே, தொலைச்சிடுவேன்"னு அந்தம்மா கீழேருந்து போட்ட சத்தம் மூணாவது தெரு வரைக்கும் கேட்டுச்சாம். மூணாவது தெருவுல இதைச் சொல்றப்ப அந்தம்மா கையில துடைப்பம் இருந்துச்சு. நாலாவது தெருவுக்குப் போறதுக்குள்ள அது கடப்பாரை ஆயிடுச்சு. அஞ்சாவது தெருவுக்குப் போனா என்ன ஆகும்னு தெரியல, நல்லவேளை நம்ம பக்கம் நாலு தெருதான்.

இதுல தொட்டி நெஜம். ஏணி நெஜம். சத்தம் போட்டதும் நெஜம். மிச்சமெல்லாம் எதிர்வீட்டு அக்காவோட கைவேலை. அந்த அக்கா ஜன்னல்ல உக்காந்தா ஒரு எறும்பு தெருவைத் தாண்டறதுக்குள்ள அதோட குடும்பக் கதையைச் சொல்லிடுவாங்க. ஆனா உள்ளபடி நடந்தது அவங்க கட்டினதைவிட ருசியான சமாசாரம். காதைக் குடுங்க.

மெஷின்காரரை முதல்ல பார்த்துடுவோம். அம்பதைத் தொடற வயசு. வீட்டோட முன் ரூம்தான் பட்டறை. ரெண்டு ஆள் கை நீட்டினா சுவரு இடிக்கும், அதுக்குள்ள பதினெட்டு மெஷினு. திருகாணி எல்லாம் பழைய டப்பா மூடியில கிடக்கும். கீழ விழுந்த ஊசியைப் பொறுக்க நூல்ல கட்டின காந்தம் ஒண்ணு கழுத்துல தொங்கும். வாய் அதிகம் பேசாது. பேசினா மெஷினுகிட்டதான் பேசும். "என்னடி, நூலை அறுக்கறியா? யாரு மேல கோவம்?"னு கேட்டுக்கிட்டே மூடியைக் கழட்டுவாரு. தொழில்ல அவருக்கு ஒரே ஒரு சட்டம்: ஒரு நேரத்துல ஒரு திருகைத்தான் தொடணும். ரெண்டைத் தொட்டா எது சரி பண்ணுச்சு, எது கெடுத்துச்சுன்னு கடவுளுக்கே தெரியாது. இந்தச் சட்டத்தை நல்லா ஞாபகம் வெச்சுக்கோங்க, ஏன்னா அவரே அதை மறந்து போயிட்டாரு.

அவரு சம்சாரம் பல் டாக்டர்கிட்ட டோக்கன் குடுக்கற வேலை. உள்ள டாக்டரு வாயைத் தொறங்கம்பாரு, வெளிய இந்தம்மா வாயை மூடுங்கம்பாங்க. இருபது வருஷமா அப்படித்தான் அந்த ஆஸ்பத்திரி ஓடுது. வரிசையில புகுந்துட்டு எவனும் அந்தம்மா கண்ணுலேருந்து தப்ப முடியாது. கோவம் வந்தாலும் புருஷனை 'வாங்க, போங்க'ன்னுதான் சொல்லுவாங்க. அந்த 'ங்க'வைத்தான் எதிர்வீட்டு அக்கா முதல்ல கழட்டி எறிஞ்சது.

அந்தம்மாவுக்கு ஒரு தம்பி. ஆறு வயசு சின்னவன். தாயில்லாத வீட்டுல அவனைக் குளிப்பாட்டி, தலை சீவி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி வளர்த்தது அக்காதான். அப்பா கறார் பேர்வழி. இருட்டறதுக்கு முன்னாடி வீட்டுக்கு வரலைன்னா கதவைச் சாத்திடுவாரு. தம்பி விளையாடிட்டு நேரங்கழிச்சு வருவான், பின்கதவுல விரலால தட்டுவான். அக்காவும் தம்பியும் சேர்ந்து தட்டுலயே ஒரு பாஷை வெச்சிருந்தாங்க. மூணு குட்டைத் தட்டுன்னா பசிக்குது. ஒரு நீளம் ஒரு குட்டைன்னா அப்பா முழிச்சிருக்காரு. இப்படிப் பதினோரு தட்டு. டோக்கன் நம்பரு மாதிரி அத்தனையும் அந்தம்மாவுக்கு இன்னிக்கும் மனப்பாடம்.

அந்தத் தம்பி வளர்ந்து, ரேடியோ மெக்கானிக் படிச்சு, ஒரு தீவுல வேலைக்குப் போனான். கடலுக்கு நடுவுல, கப்பலுக்கு வழி சொல்ற ரேடியோக் கம்பம். ராத்திரி பகலா 'பீப் பீப்'னு தன் பேரை மட்டும் சொல்லிக்கிட்டே இருக்கும். அதைக் கவனிச்சுக்க மூணு பேரு. மாசத்துக்கு ஒரு படகு. போன் இருக்கு, ஆனா ஆபீஸ் விஷயத்துக்கு மட்டும்.

அக்காவுக்குப் பிடிக்கலை. "மனுஷங்க இருக்கற ஊருல வேலை கிடைக்கலையா? மீனுக்கு வேலை பார்க்கப் போறியா?"ன்னாங்க. அவன் சிரிச்சான். சிரிச்சது தப்பாப் போச்சு. "போறதுன்னா போ. திரும்பி இந்த வாசப்படியை மிதிக்காதே"ன்னுட்டாங்க. கிளம்பற அன்னிக்கு வழியனுப்பக்கூடப் போகலை. ஆஸ்பத்திரியில அன்னிக்கு டோக்கன் வாங்கின அத்தனை பேருக்கும் திட்டு. பல்வலிக்கு வந்தவன் காதுவலியோட திரும்பிப் போனான்.

எட்டு மாசம் அவன்கிட்டேருந்து ஒரு வரி இல்லை. அக்காவும் எழுதலை. அப்புறம் படகுல ஒரு லெட்டர் வந்துச்சு.

'அக்கா, வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கம்பத்தைச் சோதனை பண்ணுவோம். கால் மணி நேரம் தானா ஓடறதை நிறுத்திட்டு நான் கையால தட்டுவேன். சோதனை நேரம்னு கப்பல்காரங்களுக்கும் தெரியும். கடைசியில நம்ம தட்டுல ஒண்ணைப் போடறேன், எல்லா வாரமும் அதையேதான் போடுவேன். ஒரு மரச்சட்டத்துல நாப்பது சுத்து கம்பி சுத்தி, கீழ் அலைவரிசை, அதான் லாங்வேவ், பிடிக்கற பழைய ரேடியோவுல மாட்டினா அங்க கேக்கும். நீ கேட்டு, நான் என்ன தட்டினேன்னு எழுதினா, உனக்குக் கோவம் தீர்ந்துடுச்சுன்னு நெனச்சு லீவு போட்டு வரேன். இல்லைன்னா இன்னும் மூணு வருஷம் இங்கேயே இருக்கறதுக்குக் கையெழுத்து கேக்கறாங்க, போட்டுடறேன். அடுத்த படகுக்கு நாலு வெள்ளிக்கிழமை இருக்கு.'

பக்கம் முடிஞ்சுது. அந்தம்மா படிச்சாங்க. படிச்சுட்டு எழுந்து போய், பீரோ கதவுக்கு உள்பக்கமா அந்த லெட்டரைப் பசை போட்டு ஒட்டிட்டாங்க. நாலு மூலையும் அழுத்தி. ஏன்னு கேட்டா, "காத்துல பறந்துடும்"னாங்க. பீரோவுக்குள்ள என்ன காத்து? அதைக் கேக்கற தைரியம் மெஷின்காரருக்கு இல்லை.

"நீ பாட்டுக்கு ஏதாவது ஒண்ணை யூகிச்சு எழுதிடேன்மா"ன்னாரு.

"பதினோரு தட்டு இருக்குங்க. தப்பா எழுதினா, கேக்காமலே புளுகறேன்னு தெரிஞ்சுடும். அப்புறம் அவன் கிழவனாகறவரைக்கும் அங்கேயே கிடப்பான். கேக்கணும். கேட்டுத்தான் எழுதணும்."

சரின்னு மெஷின்காரர் கிளம்பிட்டாரு. மச்சினன் மேல அவருக்கும் உசிரு, சொல்லிக்க மாட்டாரு. ஜன்னல் அளவுக்கு ரெண்டு மரச்சட்டத்தைக் குறுக்கால வெச்சு, மோட்டாருக்குச் சுத்தற கம்பியை நாப்பது சுத்து சுத்தினாரு. நூல் கண்டு சுத்தின கை, ஒரு சுத்து மேல ஒரு சுத்து ஏறலை. பழைய ரேடியோ ஒண்ணு, தையல்கார அம்மா ஒருத்தங்க வீட்டுப் பரண்லேருந்து கிடைச்சுது. முதல் வெள்ளிக்கிழமை பட்டறை மேஜை மேல வெச்சு, மூணே முக்காலுக்கே ரெண்டு பேரும் காதை வெச்சாங்க.

'உர்ர்ர்ர்ர்.'

அவ்வளவுதான். நாலேகால் வரைக்கும் உர்ர்.

அப்ப பார்த்து கேபிள் டிவிக்காரர் உள்ள வந்தாரு. அவரு மனைவியோட மெஷினு ரிப்பேருக்கு வந்திருந்துச்சு. மேஜை மேல இருந்த கம்பி வளையத்தைப் பார்த்தாரு, சிரிச்சாரு. "அண்ணே, ஏரியலை மேஜை மேல வெச்சா ஈ உக்காரும், சிக்னலா வரும்? மேல ஏத்துங்க. நம்ம தொழில்ல உசரம்தாண்ணே எல்லாம்."

அவரு சொன்னது அவரு தொழிலுக்கு நியாயம்தான். டிவி ஏரியலை ஏத்தி ஏத்தித்தான் அவரு படம் காட்டினாரு. இந்தத் தெருவுல யாரைக் கேட்டாலும் அதையேதான் சொல்லுவாங்க. போன்ல டவர் இல்லைன்னாலே நம்ம ஆளுங்க மாடிக்கு ஓடறவங்களாச்சே.

ரெண்டாவது வெள்ளிக்கிழமை மாடியில ஒரு ஆள் உசரக் கம்பு. உர்ர். நடுவுல எங்கேயோ ஒரு 'பீ' கேட்ட மாதிரி இருந்துச்சு. கேட்டுச்சா, ஆசையான்னு தெரியலை.

"இன்னும் ஏத்துங்கண்ணே"ன்னாரு கேபிள்காரர்.

மூணாவது வெள்ளிக்கிழமை தண்ணித் தொட்டி மேல கம்பு, கம்பு மேல இன்னொரு கம்பு. பத்தாததுக்கு வயரை மாத்தினாரு, பேட்டரியை எடுத்துட்டுக் கரண்ட்ல போட்டாரு, கம்பியில அஞ்சு சுத்து கூட்டினாரு. 'ஒரு நேரத்துல ஒரு திருகு'ங்கற அவரு சட்டம் காத்துல பறந்துடுச்சு. உர்ர் இப்ப சிங்கம் மாதிரி கர்ஜிச்சுது.

அன்னிக்கு அந்தம்மா சாப்பிடலை. பீரோவைத் தொறந்து லெட்டரைப் பார்த்துட்டுச் சாத்தினாங்க. "மூணு வருஷம்ங்க"ன்னாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க. மெஷின்காரருக்கு அது கடப்பாரையால அடிச்சதைவிட வலிச்சுது. ஒரு கடப்பாரை நெஜமா இருந்துச்சுன்னா அது இங்கதான் இருந்துச்சு.

நாலாவது வெள்ளிக்கிழமை. கடைசி. திங்கக்கிழமை படகு.

கேபிள்காரர் நீளமா ஒரு குழாய் குடுத்திருந்தாரு. மெஷின்காரர் கண்ணு சிவந்து போயிருந்தாரு. "இன்னிக்குக் கேக்கலைன்னா நான் ஆம்பளையே இல்லை"ன்னாரு.

"அதுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்? பார்த்து ஏறுங்க, கரண்ட் கம்பி பக்கத்துல போகாதீங்க"ன்னாங்க அந்தம்மா. ஆஸ்பத்திரியில அரைநாள் லீவு சொல்லிட்டு வந்திருந்தாங்க.

அவங்க வீட்டுக்கு மாடிப்படி கிடையாது. மர ஏணிதான். அவரு ஏறினாரு. குழாயைத் தொட்டி மேல நிறுத்திக் கட்டறதுக்கே மூணேமுக்கால் ஆயிடுச்சு. வளையத்தைக் கழட்டி அந்தம்மா கீழ முற்றத்துல வெச்சிருந்தாங்க. அவரு கயிறு விட்டதும் கட்டி அனுப்பணும், அதான் ஏற்பாடு. அவசரத்துல முடிச்சு விழுந்த கயிறு. அதைப் பிரிக்க உக்காந்தாரு. நூல் சிக்கெடுக்கறவரு, விடுவாரா.

சும்மா நிக்கறோமேன்னு அந்தம்மா ரேடியோவுல பேட்டரி போட்டுத் திருகினாங்க. உயிர் இருக்கான்னு பார்க்கத்தான். காதுல மாட்டற ஒயரை மாட்டினாங்க. உர்ர். ஆனா சின்ன உர்ர். போன வாரம் மேல கர்ஜிச்ச சிங்கம் இங்க பூனையா இருக்கு.

அந்தம்மா ஒரு அடி வீட்டை விட்டுத் தள்ளி வந்தாங்க. பூனை இளைச்சுது. இன்னும் நாலு அடி. துணிக்கொடி முடியற இடம் வரைக்கும் வந்தாங்க, பின்சுவரு வரைக்கும். கையில வளையம், இடுப்புல ரேடியோ. வளையம் கொஞ்சம் திரும்புச்சு. பூனை பொசுக்குன்னு செத்துப்போச்சு. அந்த அமைதியில, ரொம்ப தூரத்துல, கொசு அளவுக்கு, ஆனா சுத்தமா:

'பீ. பீ. பீப்.'

மணி நாலு.

கையில பிடிச்சா ஆடுது, ஆடினா உர்ர் வருது. எதுலயாவது சாய்ச்சு வெக்கணும். சுத்திப் பார்த்தாங்க. ஏணி. ஓடிப்போய் ஏணியை இழுத்துக்கிட்டு வந்து பின்சுவருல சாய்ச்சு, முழங்கால் உசரத்துல ஒரு படியில வளையத்தைச் சொருகி உக்காந்துட்டாங்க.

மேல மெஷின்காரர் சிக்கெடுத்து முடிச்சாரு. கயிறு விட்டாரு. கீழ ஆளு இல்லை. ஏணியும் இல்லை.

"ஏம்மா! மணி நாலாச்சு! வளையத்தைக் கட்டு!"

"சத்தம் போடாதீங்க!"

"மேல ஏத்தாம எப்படிக் கேக்கும்? தூக்கி விடும்மா!"

"வாயை மூடுங்க!"

"ஏணியை ஏன் எடுத்தே? நான் எப்படி இறங்கறது?"

"இறங்காதீங்க! அங்கேயே உக்காருங்க! இன்னொரு வார்த்தை பேசினீங்க, உங்களை என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியாது!"

இந்த இடத்துலதான் எதிர்வீட்டு அக்கா ஜன்னலைத் தொறந்தாங்க. தொட்டி மேல புருஷன். ஏணி இல்லை. பொண்டாட்டி கத்தறாங்க. கதை முழுசாக் கிடைச்சாச்சு, அவங்க ஜன்னலைச் சாத்திட்டுச் சொல்லப் போயிட்டாங்க. இன்னும் பத்து நிமிஷம் நின்னிருந்தா மிச்சத்தையும் பார்த்திருக்கலாம். அவசரக்காரிக்குப் பாதிதான் கிடைக்கும்.

மிச்சத்தைப் பார்த்தது மெஷின்காரர் மட்டும். தொட்டி மேலேருந்து எல்லாம் தெரிஞ்சுது. சம்சாரம் ரெண்டு கையாலயும் காதைப் பொத்திக்கிட்டு, சுவத்தைப் பார்த்து, அசையாம உக்காந்திருக்காங்க. தெருவுல ஒரு வண்டி ஆரன் அடிச்சுட்டுப் போச்சு, அவரு அந்த வண்டிக்காரனை மனசுக்குள்ளயே கெட்ட வார்த்தையில திட்டினாரு. வாயைத் தொறக்கலை. நாலு மணி பதிமூணு நிமிஷத்துக்கு அந்தம்மாவோட வலது கை காதுலேருந்து இறங்குச்சு. ஆள்காட்டி விரல் ஏணிப்படியில தட்டுச்சு.

ரெண்டு நீளம். மூணு குட்டை.

அவருக்கு அந்த பாஷை தெரியாது. ஆனா அந்தம்மா தலை குனிஞ்சு தோள் குலுங்கறது தெரிஞ்சுது. இருபத்திரண்டு வருஷத்துல அவங்க அழுது அவரு பார்த்ததில்லை. பல்லு பிடுங்கினப்பக்கூட அவங்க டாக்டரைத்தான் அழ வெச்சாங்க.

ஏணின்னு ஒரு வார்த்தை கேக்கலாம்தான். கேக்கலை. தொட்டி மூடி மேல முழங்காலைக் கட்டிக்கிட்டு உக்காந்தாரு. சிமெண்டு சூடு கொஞ்சம் கொஞ்சமா ஆறுச்சு. பக்கத்துல குழாய் ஒண்ணும் மாட்டாம மொட்டையா நின்னுச்சு. நாலே நாப்பதுக்கு அந்தம்மா மூக்கைத் துடைச்சுக்கிட்டு எழுந்தாங்க, ஏணியைத் தூக்கிக்கிட்டு வந்து சுவருல சாய்ச்சாங்க.

"இன்னுமா அங்க உக்காந்திருக்கீங்க?"

"நீதானே உக்காரச் சொன்னே."

"இறங்கி வாங்க. டீ போடறேன்."

இறங்கினதும் கேட்டாரு: "என்ன தட்டினான்?"

"கதவைத் தொறன்னு தட்டினான்"னாங்க.

அன்னிக்கே லெட்டர் எழுதினாங்க. நாலு வரி. அதுல மன்னிப்புன்னு ஒரு வார்த்தை கிடையாது, அந்தம்மாவுக்கு அந்த எழுத்தெல்லாம் வராது. 'ரெண்டு நீளம் மூணு குட்டை. முதல் நீளம் இழுத்துடுச்சு, கையைச் சரி பண்ணு. தொறந்துதான் இருக்கு. வந்து சேரு.' திங்கக்கிழமை படகுல போச்சு.

அடுத்து வந்த வாரங்கள்ல மெஷின்காரருக்கு அவரு சட்டம் திரும்பி வந்துச்சு. பின்சுவத்துக்கிட்ட ஒரு கம்பை நட்டு, துணியில கோடு போடற சாக்குக்கட்டியால அடிக்கு ஒரு கோடு போட்டாரு. வளையத்தைத் தரையில வெச்சுக் கேட்டாரு, இடுப்புல, தலையில, எட்டற வரைக்கும் மேல. வேற எதையும் தொடலை. தீவுச் சத்தம் எல்லாக் கோட்டுலயும் ஒண்ணேதான். அப்புறம் தரையிலயே வெச்சு வீட்டுப் பக்கமா அடியடியா நகர்த்தினாரு. ஒவ்வொரு அடிக்கும் உர்ர் பெருசாச்சு. கேபிள்காரரைக் கூப்பிட்டுக் காட்டினாரு. அவரு ரொம்ப நேரம் கேட்டுட்டு, "அண்ணே, இதை வெளிய சொல்லிடாதீங்க, என் பொழப்பு உசரத்துலதான் இருக்கு"ன்னாரு.

அடுத்த படகு வந்த மூணாம் நாள், மெஷின்காரர் பட்டறையில இருந்தாரு. பின்கதவுல தட்டுச் சத்தம். ரெண்டு நீளம், மூணு குட்டை. அந்தம்மா அடுப்படியில இருந்தாங்க. கதவு தொறந்துதான் கிடந்துச்சு. தொறந்த கதவைத் தட்டிக்கிட்டு கருத்துப்போய், தாடியோட ஒருத்தன் நிக்கறான்.

"கண்ணு தெரியலை? தொறந்துதானே இருக்கு. உள்ள வா. என்னடா தாடி இது, மீனு கூடு கட்டவா?"

அவ்வளவுதான் வரவேற்பு. ஆனா கை அதுக்குள்ள உலையில ரெண்டு பிடி அரிசியைக் கூடப் போட்டுச்சு. அவன் பார்த்தும் பார்க்காத மாதிரி செருப்பைக் கழட்டினான்.

சாப்பிட உக்காந்தப்ப மெஷின்காரர் கேட்டாரு, "ஏன் மாப்ள, உசரத்துல கேக்காதது தரையில எப்படிக் கேட்டுச்சு?"

"குச்சி மாதிரி நிக்கற ஏரியலுக்குத்தான் மாமா உசரம். அதை ஏத்த ஏத்த சத்தம் கூடும். சின்ன வளையத்துக்கு, அதுவும் இந்த மாதிரி கீழ் அலைவரிசைக்கு, தரையும் ஒண்ணுதான் மாடியும் ஒண்ணுதான். வீட்டுல இருக்கற பல்பு, சார்ஜர், மாடிப் பக்கம் போற கரண்ட் கம்பி, இதுங்க போடற இரைச்சலை விட்டு எட்டத்துல வெக்கணும், அவ்வளவுதான். ஏன், எழுதியிருந்தேனே?"

"எங்க எழுதினே?"

"லெட்டருக்குப் பின்பக்கம். உசரமே வேணாம், வீட்டை விட்டுத் தள்ளி வைன்னு, அடியில ரெண்டு கோடு போட்டு."

மெஷின்காரர் மெதுவா சம்சாரத்தைப் பார்த்தாரு. சம்சாரம் பீரோவைப் பார்த்தாங்க. "குழம்பு ஊத்தட்டுமா?"ன்னாங்க.

தம்பி அந்த மூணு வருஷக் கையெழுத்தைப் போடலை. மூணு மாசம் தீவு, ஒரு மாசம் வீடுன்னு மாத்தி வாங்கிட்டான். அவன் தீவுல இருக்கற மாசங்கள்ல வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அந்த வீட்டுப் பின்சுவத்துக்கிட்ட ரெண்டு நாற்காலி போட்டிருக்கும். எதிர்வீட்டு அக்கா அதுக்கும் ஒரு கதை வெச்சிருக்காங்க, அது வேண்டாம்.

போன வாரம் ஒருத்தர் மெஷினை வாங்க வந்தாரு. நாலாவது தெருக்காரர். வாங்கினமா போனமான்னு இல்லாம, இளிச்சுக்கிட்டே கேட்டாரு: "ஏன் சார், வீட்டுல உங்களைத் தொட்டி மேல ஏத்திவிட்டு, கடப்பாரையோட நின்னாங்களாமே? ராத்திரி வரைக்குமா?"

மெஷின்காரர் திருகாணியை முடுக்கிட்டு நிமிர்ந்தாரு.

"அவ ஏத்தலை, நானா ஏறினேன். ராத்திரி இல்லை, நாப்பது நிமிஷம். கடப்பாரை எங்க வீட்டுல கிடையாது. கேக்க வேண்டியது தரையில இருந்துச்சு, நான் மடையன் மாதிரி மேல தேடிக்கிட்டு இருந்தேன். அவ கேட்டுட்டா. ஊசி மாத்தியிருக்கு, மெஷினை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க."